சிறிய பாடசாலைகளின் பெறுபேற்றை மாணவர் பின்னணியோடு சேர்த்து வாசிப்பது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் திருகோணமலை நகரின் சந்திகளிலும் கிண்ணியா, மூதூர் கடைத்தெருக்களிலும் பதாகைகள் எழும்பும். ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி பெற்ற பிள்ளைகளின் படங்கள் அவற்றில் இருக்கும். அந்தப் பிள்ளைகள் பாராட்டுக்கு உரியவர்களே. அதே வாரத்தில் வெருகலிலோ குச்சவெளியிலோ உள்ள ஒரு சிறிய பாடசாலையில் அபிவிருத்திக் குழு கூடும்போது, "போன முறை எழுபது வீதம், இந்த முறை நாற்பது வீதம், பாடசாலையில் என்ன நடக்கிறது?" என்று ஒரு பெற்றோர் எழுந்து கேட்பார். அதிபரிடம் பதில் இருக்காது. கணித ஆசிரியர் தலைகுனிந்து இருப்பார். ஆசிரியனாகவும் பின்னர் பெறுபேற்று அட்டவணைகளைத் தயாரிப்பவனாகவும் இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்த இரண்டு வீதங்களுக்கும் பின்னால் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து எந்த வழியால் பாடசாலைக்கு வருகிறார்கள் என்பதைக் கேட்காதவரை, அந்தக் கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அதைக் கேட்கும் முறையையே இங்கே எழுதுகிறேன். அதிபர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திக் குழு உறுப்பினர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும், பெறுபேற்றைச் செய்தியாக எழுதுவோருக்கும் இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் களத்தின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துக்கொள்வோம். திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழும், ஏனையவை கிழக்கு மாகாண சபையின் கீழும் இயங்குகின்றன. விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர் தரம் உள்ளவை 1ஏபி பாடசாலைகள். கலை, வர்த்தகம் முதலிய பிரிவுகளோடு நிற்பவை 1சி. தரம் 11 வரை உள்ளவை வகை 2. ஆரம்பப் பிரிவை மையமாகக் கொண்டவை வகை 3. இந்த வகைப்பாட்டை ஒரு சலிப்பூட்டும் நிர்வாக விபரமாக எண்ணி விட்டுவிட வேண்டாம். 1சி பாடசாலையில் படித்து விஞ்ஞானப் பிரிவை விரும்பும் கெட்டிக்காரப் பிள்ளை வேறு பாடசாலைக்குப் போயே ஆக வேண்டும். அந்தப் பிள்ளை நாளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால், பெருமை அது மாறிப்போன பாடசாலைக்கே சேரும். பதினொரு ஆண்டுகள் அந்தப் பிள்ளையை வளர்த்த பாடசாலையின் அட்டவணையில் ஒரு கோடுகூட இருக்காது.

பகுதியை முதலில் பாருங்கள்

பின்னம் ஒன்றில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி என்று தரம் 4 பிள்ளைக்கும் தெரியும். பெறுபேற்று வீதம் என்பதும் ஒரு பின்னமே. சித்தியடைந்தோர் தொகுதி, ஆனால் பகுதி எது? பெரும்பாலான அட்டவணைகளில் பரீட்சைக்குத் தோற்றியோர் தொகையே பகுதியாக வைக்கப்படுகிறது. தரம் 6 இல் சேர்ந்து, தரம் 9 இல் மீன்பிடிக்கோ மேசன் வேலைக்கோ போய்விட்ட பையன் அந்தப் பகுதியில் இல்லை. தரம் 10 இல் வீட்டோடு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளையும் இல்லை. கட்டாயக் கல்வி வயதெல்லை 2016 இல் 16 வரை உயர்த்தப்பட்ட பின்னரும் இத்தகைய இடைவிலகல்கள் முற்றாக நின்றுவிடவில்லை என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்.

விளங்குவதற்காக இரண்டு கற்பனைப் பாடசாலைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் தரம் 6 இல் 40 பிள்ளைகள் சேர்ந்தார்கள். 28 பேர் பரீட்சைக்குத் தோற்றினார்கள். 21 பேர் உயர் தரம் கற்கத் தகுதி பெற்றார்கள். இரண்டாவதில் 30 பேர் சேர்ந்து, 29 பேர் தோற்றி, 19 பேர் தகுதி பெற்றார்கள். தோற்றியோரைப் பகுதியாக வைத்தால் முதலாவது பாடசாலை 75 வீதம், இரண்டாவது 65.5 வீதம், முதலாவதுக்குப் பதாகை கட்டலாம். சேர்ந்தோரைப் பகுதியாக வைத்தால் முதலாவது 52.5 வீதம், இரண்டாவது 63.3 வீதம். வரிசை தலைகீழாகிவிடுகிறது. எந்தப் பாடசாலை தன்னிடம் வந்த பிள்ளைகளைக் கரைசேர்த்தது என்று கேட்டால், இரண்டாவது கணக்கே பதில் தருகிறது.

ஆகவே அட்டவணையில் குறைந்தது மூன்று எண்களாவது அருகருகே நிற்க வேண்டும்: ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன் தரம் 6 இல் சேர்ந்தவர்கள், பரீட்சைக்கு விண்ணப்பித்தவர்கள், உண்மையில் மண்டபத்துக்குப் போய் எழுதியவர்கள். விண்ணப்பித்தவருக்கும் எழுதியவருக்கும் இடையிலான இடைவெளியை யாரும் எண்ணுவதில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு பயந்து நின்றுவிடும் பிள்ளை அங்கேதான் இருக்கிறது. விடுகைப் பத்திரம் பெற்று வேறு பாடசாலையில் சேர்ந்தவர்களை இடைவிலகியோராக எண்ணக் கூடாது. அவர்களுக்குத் தனி நிரல் வேண்டும். சேர்வு இடாப்பையும் விடுகைப் பத்திரப் பிரதிகளையும் ஒரு பிற்பகல் முழுவதும் ஒப்பிட்டுப் பார்த்தால் இதைச் செய்துவிடலாம். இரண்டிலும் காணாமற்போன பெயர்களே நாம் தேட வேண்டிய பிள்ளைகள்.

பகுதியைப் போலவே "சித்தி" என்ற சொல்லையும் விளக்கி எழுத வேண்டும். சாதாரண தரத்தில் 75 புள்ளியும் அதற்கு மேலும் ஏ, 65 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் எஸ், 35 க்குக் கீழ் டபிள்யூ. உயர் தரம் கற்பதற்கு முதன்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் சி அல்லது அதற்கு மேலும் வேண்டும் என்பது பொது விதி. "கணிதத்தில் சித்தி 60 வீதம்" என்று எழுதினால் 36 புள்ளி எடுத்தவரும் 90 எடுத்தவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். 34 எடுத்தவரும் வெள்ளைத்தாள் கொடுத்தவரும் இன்னொரு பக்கம் ஒன்றாகிறார்கள். ஆகவே தரவாரியாகப் பிரித்தே எழுதுங்கள். பாடசாலைப் பரீட்சார்த்திகளையும் தனிப்பட்ட பரீட்சார்த்திகளையும், முதன்முறை தோற்றியோரையும் மீளத் தோற்றியோரையும் ஒருபோதும் கலக்க வேண்டாம்.

தரம் 5 புலமைப்பரிசிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும். அதைத் தாண்டியோரை மட்டும் எண்ணுவதே நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஒரு சிறிய பாடசாலையில் 18 பிள்ளைகள் எழுதி ஒருவர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் அந்த ஒருவரைப் பற்றியே ஊர் பேசும். 200 புள்ளிகளில் 70 ஐயும் எட்டாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே ஆரம்பப் பிரிவு ஆசிரியர் அறிய வேண்டிய எண். எழுத்தும் எண்ணும் கைவராமல் தரம் 6 க்குப் போகிறவர்கள் அவர்கள்தான், ஆறு ஆண்டுகள் கழித்துச் சாதாரண தர அட்டவணையில் டபிள்யூ நிரலை நிரப்பப் போகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. மேலும், வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் பல வேளைகளில் நகரப் பாடசாலைக்குப் போய்விடுவார். அப்படியானால் கிராமப் பாடசாலையின் தரம் 11, தன் மிகச் சிறந்த பிள்ளைகளை ஏற்கனவே அனுப்பிவிட்ட வகுப்பு. அந்த வகுப்பை நகர வகுப்போடு ஒப்பிட்டு ஆசிரியரைக் கடிந்துகொள்வது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

எண்களை எங்கே பெறுவது

பாடசாலையின் சொந்தப் பெறுபேற்றுத் தாள் அதிபரிடம் இருக்கும். மாணவர் தொகை, பால், மொழிமூலம், ஆசிரியர் விபரம் ஆகியவை கல்வி அமைச்சு ஆண்டுதோறும் நடத்தும் பாடசாலைக் கணக்கெடுப்புப் படிவத்தில் இருக்கும். அதன் பிரதி பாடசாலையிலேயே பேணப்படும். வலய மட்டத் தொகுப்பு வலயக் கல்வி அலுவலகத்தில் உண்டு. கேட்டும் கிடைக்காதபோது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். தனிப்பட்ட பிள்ளைகளின் பெயரையோ சுட்டெண்ணையோ கேட்காமல், தொகைகளை மட்டும் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தரம், எந்தப் பிரிவு என்று கேள்வியைத் துல்லியமாக எழுதினால் பதிலும் துல்லியமாக வரும்.

ஆண்டைக் குறிப்பதில் ஒரு பொறி உண்டு. கொரோனாக் காலத்திலிருந்து பரீட்சை ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் பிரிந்துவிட்டன. 2020 க்குரிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021 க்குரியது 2022 மே மாதத்திலும், 2022 க்குரியது 2023 மே மாதத்திலும் தொடங்கின. ஒருவர் "2022" என்று எழுதும்போது எதைச் சொல்கிறார் என்பது தெரியாவிட்டால் இரண்டு வேறு வகுப்புகளை ஒன்றாக எண்ணிவிடுவோம். பரீட்சைக்குரிய ஆண்டையும் நடந்த மாதத்தையும் சேர்த்து எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

சிறிய எண்ணின் ஆட்டம்

இனி அந்தப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். ஒரு பாடசாலையில் மூன்று ஆண்டுகளில் முறையே 14, 11, 17 பேர் தோற்றி, 6, 8, 7 பேர் தகுதி பெற்றதாக வைத்துக்கொள்வோம். வீதங்கள் 42.9, 72.7, 41.2. வரைபடமாக வரைந்தால் ஒரு மலை எழும்பி விழுவது போலத் தோன்றும். முதலாம் ஆண்டில் கூடுதலாக இருவர் தகுதி பெற்று, இரண்டாம் ஆண்டில் இருவர் தவறியிருந்தால் வீதங்கள் 57.1 உம் 54.5 உம் ஆகியிருக்கும், மலை சமதரையாகிவிடும். 14 பேர் எழுதும் வகுப்பில் ஒரு பிள்ளையின் காய்ச்சல், ஒரு வீட்டுச் சாவு, ஒரு வினாத்தாளில் இரண்டு புள்ளி, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், வீதம் ஏழு புள்ளி நகர்ந்துவிடும்.

இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் சோதனை எளிமையானது. இரண்டு ஆண்டுகளையோ இரண்டு பாடசாலைகளையோ ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தபின், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பிள்ளைகளின் பெறுபேற்றை எதிர்த்திசையில் மாற்றிப் பாருங்கள். முடிவு மாறினால் அதை வெளியே சொல்லாதீர்கள். மாறாவிட்டால் சொல்லலாம். புள்ளிவிபரவியல் படித்தவர்களிடம் இதைவிடச் செம்மையான கருவிகள் உண்டு. ஆனால் அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் வெண்பலகையில் எல்லோரும் பார்த்திருக்கச் செய்யக்கூடியது இதுதான், செய்து காட்டும்போது பெற்றோரின் முகத்தில் கோபம் தணிவதை நான் கண்டிருக்கிறேன்.

சிறிய பாடசாலைக்கு மூன்று ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வீதமாகக் கணிப்பது நல்லது. சேர்க்கும்போது வீதங்களின் சராசரியை எடுக்கக் கூடாது. மேற்சொன்ன மூன்று வீதங்களின் சராசரி 52.3, ஆனால் 42 பேரில் 21 பேர் தகுதி பெற்றார்கள் என்பதால் உண்மையான வீதம் 50. வேறுபாடு இங்கே சிறிதாகத் தோன்றலாம். ஒரு ஆண்டில் 4 பேரும் மறு ஆண்டில் 20 பேரும் தோற்றும் பாடசாலையில் இதே தவறு பெரிதாகிவிடும். எப்போதும் பிள்ளைகளைக் கூட்டுங்கள்.

இதன் மறுபக்கம் வலய வீதம். 200 பேர் தோற்றும் ஒரு பெரிய பாடசாலையும், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேர் தோற்றும் பல சிறிய பாடசாலைகளும் ஒரே வலயத்தில் இருந்தால், வலயத்தின் வீதம் என்பது பெரும்பாலும் அந்த ஒரு பெரிய பாடசாலையின் வீதமே. வலயம் முன்னேறியது என்று அறிக்கை சொல்லும். சிறிய பாடசாலைகளில் பாதி பின்னுக்குப் போயிருக்கும். பாடசாலைகளை வீதத்தின்படி வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் பாடசாலையின் நிலையையும் வலய வீதத்தோடு சேர்த்து எழுதினால் இது வெளிப்படும். பெரிய பாடசாலை தேசிய பாடசாலையாக இருந்தால் அதன் ஆசிரியர் நியமனமும் நிதியும் மாகாணத்திலிருந்து வருவதில்லை. அதன் பெறுபேற்றைக் காட்டி மாகாணப் பாடசாலைகளின் நிலையை மதிப்பிடவும் முடியாது.

யாரோடு யாரை ஒப்பிடுவது

மாணவர் பின்னணியை அட்டவணையில் சேர்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். நகரப் பாடசாலை ஒன்றில் 100 பேர் தோற்றுகிறார்கள். அவர்களுள் 80 பேரின் பெற்றோர் சாதாரண தரம் வரையாவது படித்தவர்கள். அந்த 80 பேரில் 60 பேர் தகுதி பெறுகிறார்கள், அதாவது 75 வீதம். மிகுதி 20 பேர் பெற்றோர் ஆரம்பக் கல்வியைத் தாண்டாத வீடுகளிலிருந்து வருகிறார்கள். அவர்களில் 8 பேர், 40 வீதம். மொத்தம் 68 வீதம். கிராமப் பாடசாலையில் 50 பேர். முதல் வகையினர் 10 பேரில் 8 பேர் தகுதி, 80 வீதம். இரண்டாம் வகையினர் 40 பேரில் 18 பேர், 45 வீதம். மொத்தம் 52 வீதம்.

மொத்தத்தைப் பார்த்தால் கிராமப் பாடசாலை 16 புள்ளி பின்னால் நிற்கிறது. பிரித்துப் பார்த்தால் இரு வகைப் பிள்ளைகளுக்கும் கிராமப் பாடசாலையே சிறப்பாகக் கற்பித்திருக்கிறது. இவை நான் விளக்கத்துக்காக அமைத்த எண்கள். ஆனால் இந்த வடிவம் உண்மையான அட்டவணைகளில் மறைந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் பலர் நல்ல பாடசாலை தேடி மொத்த வீதத்தை மட்டும் பார்த்து நகரத்துக்குப் பிள்ளையை மாற்றுகிறார்கள். அந்த மாற்றமே கிராமப் பாடசாலையின் அடுத்த மொத்த வீதத்தை இன்னும் தாழ்த்துகிறது.

எந்தப் பின்னணி விபரங்களைச் சேர்ப்பது? 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் சுமார் 3.8 இலட்சம் மக்களில் ஏறத்தாழ நாற்பது வீதத்தினர் முஸ்லிம்கள், முப்பது வீதத்தினர் தமிழர், கால்வாசிக்குச் சற்று அதிகமானோர் சிங்களவர். இந்த எண்களை எடுத்து வகுப்பறைக்குப் பொருத்துவது தவறு. இன்று தரம் 5 இல் இருக்கும் பிள்ளைகள் அந்தக் கணக்கெடுப்பின்போது பிறந்திருக்கவே இல்லை. மாவட்ட விகிதம் எந்த ஒரு பாடசாலையின் விகிதமும் அல்ல. நம் பாடசாலைகள் பெரும்பாலும் மொழியாலும் சமயத்தாலும் பிரிந்தே இருக்கின்றன. "தமிழ்மொழிமூலம்" என்ற ஒரு நிரலுக்குள் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகளும், மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர் சமூகப் பிள்ளைகளும் அடங்குவார்கள். அவர்களது நிலைமைகள் ஒன்றல்ல. நோன்பு காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளின் தவணை அட்டவணை வேறுபடும் என்பதால், வரவு வீதத்தைக் கணிக்கும்போது அந்தந்தப் பாடசாலை நடந்த நாட்களையே பகுதியாக வைக்க வேண்டும்.

இனத்தையும் சமயத்தையும்விடப் பெறுபேற்றோடு நெருங்கிய தொடர்புடைய விபரங்கள் வேறு சில என்பது என் அனுபவம். தாய் எந்தத் தரம்வரை படித்தார்? தாயோ தந்தையோ வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார்களா, அப்படியானால் பிள்ளையை யார் பார்க்கிறார்? வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும உதவி வீட்டுக்குக் கிடைக்கிறதா? பிள்ளை முன்பள்ளிக்குப் போனதா? எத்தனை மாதம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லாமல் இருந்தது? கடைசியாகச் சொன்னது பிள்ளையின் பின்னணி அல்லவே என்று சிலர் கேட்பார்கள். அதையும் அதே தாளில் எழுதுங்கள் என்பேன். அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலையில் இடமாற்றம் பெற்றுப் போன ஆசிரியருக்குப் பதிலாள் வராமல் எட்டு மாதம் கழிந்திருந்தால், அந்த எட்டு மாதம் பெறுபேற்று வீதத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குற்றம் பிள்ளைமீது விழும்.

பாடசாலைக்கு வரும் வழியைக் கிலோமீற்றரால் மட்டும் அளக்காதீர்கள். நம் மாவட்டத்தில் குடாவும் களப்பும் ஆறும் ஊர்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நகரத்துக்கு வருவோர் படகுப் பாதையை நம்பியிருந்தார்கள். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்த நீரின் அகலம் மிகச் சிறிது. நேர்கோட்டுத் தூரத்தை மட்டும் எழுதும் படிவத்தில் அந்தப் பிள்ளைகள் "பாடசாலைக்கு அருகில் வசிப்போர்" என்றே பதிவாகியிருப்பார்கள். ஆகவே "எத்தனை நிமிடம், எதில், மழைக்காலத்தில் எப்படி" என்று கேளுங்கள். வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பர் மாத வரவைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஆண்டுச் சராசரி மறைப்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டிவிடும். மீன்பிடிக் குடும்பங்களும், வெங்காயத் தோட்டங்களிலும் வயல்களிலும் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களும் உள்ள ஊர்களில் வரவு மாதத்துக்கு மாதம் மாறும். எந்த மாதத்தில் விழுகிறது என்று தெரிந்தால் எந்தப் பாடத்தை எப்போது மீளக் கற்பிப்பது என்பதும் தெரியும்.

வகுப்பின் ஆண்டையும் ஊரின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். 2006 சனவரியில் தரம் 1 இல் சேர்ந்த பிள்ளை 2016 டிசம்பரில் சாதாரண தரம் எழுதியது. அந்தப் பிள்ளை சம்பூரைச் சேர்ந்ததாயின், முதல் ஆண்டிலேயே இடம்பெயர்ந்து, பட்டித்திடல், கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் வளர்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்ட பிறகே ஊருக்குத் திரும்பியிருக்கும். அந்தப் பிள்ளையின் பாடசாலை வாழ்வு ஏறத்தாழ முழுவதும் அந்த இடம்பெயர்வுக்கும் ஊர் திரும்பலுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. அப்படியொரு வகுப்பின் 2016 ஆம் ஆண்டுப் பெறுபேற்றை வேறெந்த வகுப்போடும் ஒரே வரியில் எழுதுபவர், ஓர் அடிக்குறிப்பாவது இடக் கடமைப்பட்டவர். 2020 இல் தரம் 1 இல் சேர்ந்த வகுப்பும் அப்படித்தான். சேர்ந்து மூன்று மாதத்துக்குள் பாடசாலைகள் மூடப்பட்டன. எழுத்தறிமுகம் நடக்க வேண்டிய காலத்தில் கைத்தொலைபேசி இல்லாத வீடுகளின் பிள்ளைகளுக்கு எதுவும் நடக்கவில்லை. அவர்கள் 2024 இல் புலமைப்பரிசில் எழுதினார்கள்; 2030 க்குரிய சாதாரண தரப் பெறுபேற்றைப் பார்க்கும் வரை இந்தக் குறிப்பு அட்டவணையில் இருக்கட்டும்.

உயர் தரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் குடித்தொகை அடிப்படைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலை அந்த 16 இல் ஒன்று. எனவே "எத்தனை பேர் அனுமதி பெற்றனர்" என்ற எண்ணை வேறு மாவட்டப் பாடசாலையின் எண்ணோடு ஒப்பிட்டால், பிள்ளைகளின் அடைவோடு ஒதுக்கீட்டு விதியும் சேர்ந்தே அளக்கப்படும். அடைவை அறிய வேண்டுமானால் இஸட் புள்ளியையும் (வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத் தரப்படுத்திய புள்ளி) பாடவாரியான சித்தியையும் பாருங்கள்.

விபரம் திரட்டும்போதும் வெளியிடும்போதும்

"யாருடைய அம்மா வெளிநாட்டில்? கையை உயர்த்துங்கள்" என்று வகுப்பில் கேட்ட ஓர் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். உயர்ந்த கைகளைவிட, உயர்த்தலாமா என்று யோசித்துப் பாதியில் நின்ற ஒரு கை இன்றும் நினைவில் இருக்கிறது. அன்று தொடக்கம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வருகிறேன்: பின்னணி விபரத்தைப் பிள்ளையிடம் பலர் முன்னிலையில் கேட்கக் கூடாது. பெற்றோர் சந்திப்பு நாளில் வகுப்பாசிரியர் தனியாக அமர்ந்து கேட்கட்டும்; எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லட்டும்; விரும்பாதவர் வெற்றிடம் விடட்டும். வெற்றிடத்தை "இல்லை" என்று நிரப்பாதீர்கள். "தெரியாது" என்பது தனி விடை.

சிறிய பாடசாலையில் பெயரை நீக்கினாலும் அடையாளம் நீங்காது. 11 பேர் தோற்றிய வகுப்பில் "மீள்குடியேறிய குடும்பம், தாய் வெளிநாட்டில், பெண், கணிதத்தில் டபிள்யூ: 1" என்று எழுதினால் அந்தப் பிள்ளை யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைவான எண் வரும் கட்டங்களை வெளியே போகும் அட்டவணையில் காட்ட வேண்டாம். பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள், அல்லது மூன்று ஆண்டுகளைச் சேருங்கள். மறைத்த எண்ணை மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிட முடியுமா என்றும் ஒருமுறை சரிபாருங்கள். முழு விபரமுள்ள தாள் அதிபரின் அலுமாரியில் பூட்டப்பட்டிருக்கட்டும்.

எழுதும் சொல்லிலும் கவனம் வேண்டும். "பின்தங்கிய மாணவர்" என்று எழுதுவதற்குப் பதிலாக "எட்டு மாதம் கணித ஆசிரியர் இன்றிக் கற்ற மாணவர்" என்று நடந்ததை எழுதுங்கள். முதலாவது சொல் கூட்டத்தைப் பெருமூச்சோடு முடித்துவைக்கும். இரண்டாவது சொல்லைக் கேட்டவர் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு என்ன கடிதம் எழுத வேண்டும் என்று உடனே அறிந்துகொள்வார்.

இந்த வேலைக்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. பெரிய கட்டம் போட்ட தாளோ எக்செல் தாளோ போதும். ஒரு வரிக்கு ஓர் ஆண்டு வகுப்பு. தரம் 6 இல் சேர்ந்தோர், மாறிச் சென்றோர், இடைவிலகியோர், விண்ணப்பித்தோர், தோற்றியோர், தகுதி பெற்றோர் என்று நிரல்கள். அவற்றுக்குப் பக்கத்தில் மழைக்கால வரவு, ஆசிரியர் இல்லாத மாதங்கள், பயண நேரம், பெற்றோர் கல்வி. கடைசி நிரலை அகலமாக விட்டு, அந்த ஆண்டில் ஊரில் நடந்ததை ஓரிரு வாக்கியத்தில் எழுதுங்கள். இடைவிலகியோர் நிரலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பூட்டிய தாளில் ஒரு பெயர் இருக்கும். பெறுபேறு வந்த வாரத்திலேயே இரண்டு ஆசிரியர்களும் ஒரு குழு உறுப்பினரும் கிராம உத்தியோகத்தரை அழைத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போய்வரலாம். தாளின் அடியில் தயாரித்தவரின் பதவியையும் திகதியையும், ஒவ்வொரு எண்ணும் எந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் குறித்து வையுங்கள். அதிபர் இடமாற்றம் பெற்றுப் போவார், அபிவிருத்திக் குழு மாறும். அடுத்து வருபவர் அதே பதிவேட்டைத் திறந்து அடுத்த வரியை நிரப்பக்கூடியதாக அது இருக்க வேண்டும்.